அறுபத்தோராம் பக்கத்தில் இறங்கியவன்

புத்தகம் திங்கட்கிழமை தபாலில் வந்தது.
சனி பின்னேரம் மருதமுனையில் வெளியீடு,
ஆய்வுரை நான்.
நடுவில் தரம் பத்து விடைத்தாள் நூற்றிருபது.
(முதல் பக்கத்திலேயே புள்ளி தெரிந்துவிடும் எனக்கு,
இருபத்தாறு வருசத் தொழில்.)

பஸ்ஸில்தான் திறந்தேன்.
ஆரையம்பதியில் கதாநாயகி கலியாணம் முடித்தாள்,
செட்டிபாளையத்தில் பிள்ளை பெற்றாள்.
களுவாஞ்சிகுடியில் ஏறிய ஒருவர்
தயிர்ச் சட்டியை என் மடியில் வைத்துவிட்டு
கம்பியைப் பிடித்துக்கொண்டார்.
சட்டிக்கு மேலே பிடித்துப் படித்தேன்.
கல்லாற்றுப் பாலத்தில் அறுபத்தோராம் பக்கம்.
டிக்கெட்டை அதில் செருகினேன்.
மிச்சம் எப்படிப் போகும் என்று
தெரியாதா என்ன.

பதினெட்டு நிமிசம் பேசினேன்.
நடை, நடையின் தளர்வு,
மாமியார் மேல் ஆசிரியைக்கு உள்ள கோபம்.
பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தி,
"கரைவாகுக் கடற்கரையில் நடக்கிற கதை.
வலை காய்கிறது, மீன் வேகிறது,
கடல் எங்கே?
இருநூறு பக்கத்திலும் தேடினேன்,
ஒரு அலைகூட அடிக்கவில்லை" என்றேன்.

கைதட்டல் விழும் இடம் அது.
விழவில்லை.
முன்வரிசையில் ஒரு பெண்
முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள்.
பின்னால் யாரோ கதிரையை நகர்த்தினார்கள்.
மின்விசிறி சுற்றியது.
பேச்சு எடுபட்டுவிட்டது என்று நினைத்தேன்.

தேத்தண்ணி நேரம் ஆசிரியை வந்தாள்.
சித்தி பௌமிலா,
கல்முனை ஆஸ்பத்திரியில் மருந்து கட்டிக் கொடுக்கிறவள்.
என் தட்டில் வட்டிலப்பத் துண்டொன்றை வைத்தாள்.
என் கக்கத்தில் இருந்த புத்தகத்தை,
அதில் நீட்டிக்கொண்டிருந்த டிக்கெட்டைப் பார்த்தாள்.
"சேர் எத்தினையாம் பக்கத்துல இறங்கின நீங்க?"
கோபமே இல்லை குரலில்.
"தின்னுங்க. இனிப்புக் கூடவா?"

கடைசி பஸ்.
சாரதிக்குப் பின்சீட்டில் மட்டும் விளக்கு எரிந்தது.
அறுபத்திரண்டாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி:
ஞாயிற்றுக்கிழமை காலை
உம்மா புட்டு அவித்துக்கொண்டிருந்தா.
கீழே முழுக்க வெள்ளை.

அடுத்த பக்கத்திலிருந்து கதை இல்லை.
பெயர், வயது, வீட்டு இலக்கம்.
பெயர், வயது, வீட்டு இலக்கம்.
சில இடத்தில் வயதுக்குப் பதில்
"நாப்பது நாள்" என்றிருந்தது.
மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லாம்
இதைப் படித்துவிட்டா வந்திருந்தார்கள்?
இல்லை, படிக்கத் தேவைப்படாதவர்கள்.

எழுபதாம் பக்கத்தில் மஹ்றூப் இருந்தார்.
பயிற்சிக் கலாசாலையில் என் பக்கத்துக் கட்டில்.
நாற்பத்தொன்று.

"சேர், கல்லடில இறங்கல்லையா?"
கண்டக்டர் குனிந்து கேட்டான்.
ஜன்னலுக்கு வெளியே பாலத்து விளக்குகள்
வாவியில் விழுந்துகொண்டிருந்தன.