ஏழாவது அங்கி

முதலில் யார் சொன்னதென்று தெரியாது.
பழமொழிக்குத் தாய்வீடு கிடையாது.
நானாக ஒரு வாயில் வைத்துப் பார்க்கிறேன்:
பர்கண்டியில், யோன் ஆற்றங்கரையில்
மடத்து அங்கிகளை வெளுத்த
பெரெனெத்தின் வாயில்.

மார்கழிக் குளிரில் பனிக்கட்டியை உடைத்துத் துவைப்பவள்.
மரச்சாம்பல் கரைத்த வெந்நீரில்
கைகள் மணிக்கட்டுவரை வெந்து சிவந்திருக்கும்.
ஏழு துறவிகளையும் முகத்தால் அறியாள்,
அழுக்கால் அறிவாள்.
முழங்காலில் தேய்ந்தது தொழுகிறவருடையது.
பின்புறம் பளபளத்தது
கணக்கெழுதுகிறவருடையது.
உபவாச காலத்தில்
கைமடிப்பில் வாத்துக் கொழுப்பு.
ஒருமுறை ஒரு நீளக் கூந்தல் இழை.
அதை ஆற்றோடு விட்டாள்.
வெளுக்கிறவளுக்கு வம்பளக்க நேரமேது.

கொள்ளைநோய் வந்த ஆண்டு
கொடியில் காய்ந்த ஏழில் ஒன்று காணாமல் போயிற்று.
அதே இரவு மடத்துத் தலைவர் ஒடில்
வெள்ளிக் கிண்ணங்களைக் கழுதைமேல் ஏற்றி
மேற்கே போனார்.
ஜெபிக்க, என்றார்கள்.

அங்கியை எடுத்தவன் கியோ.
குதிரை திருடி ஒரு காதை இழந்தவன்.
முக்காடு அந்தக் காதை மறைக்கும்,
பாலத்தில் துறவியிடம் சுங்கம் கேட்கமாட்டார்கள்.
அவ்வளவுதான் அவன் பக்தி.

பாலத்துக்கு இப்பால் ஒரு வீடு.
நோய்க்கு அடையாளமாய்க் கதவில் வைக்கோல் கட்டு.
உள்ளிருந்து ஒரு குரல்: "சாமி."
அங்கியை உதறிவிட்டு ஓடியிருக்கலாம்.
ஏன் நுழைந்தான் என்று
கடைசிவரை அவனுக்கே சொல்லத் தெரியவில்லை.

அந்த வீடு, அடுத்த வீடு, பிறகு தெருவே.
நாற்பத்தொரு பேருக்குத் தண்ணீர் புகட்டினான்.
லத்தீன் தெரியாது.
மிரண்ட குதிரையை அடக்க
நாக்கை மடித்து மெல்ல எழுப்பும் ஒலி ஒன்றிருந்தது,
அதைச் சாகிறவர்கள் காதில் சொன்னான்.
போதுமாயிருந்தது.

நோய் போனபின் நீதிபதி ஊர் திரும்பினார்.
புனித உடையைத் திருடிய வழக்கு.
"மடத்து அங்கிதானா, பார்."

பெரெனெத் அதை மூக்கருகே கொண்டுபோனாள்.
வாந்தி, சீழ், மெழுகு,
யாரோ ஒரு குழந்தையின் மூக்குச்சளி.
முழங்கால் இரண்டும் கிழிந்து
வெளிச்சம் தெரிந்தது.

"மடத்துடையதுதான்," என்றாள்.
"இருபது வருஷத்தில் இத்தனை அழுக்கை
மடம் எனக்கு அனுப்பியதில்லை."
பிறகு, எங்கோ மேற்கே பார்த்தபடி,
"அங்கி யாரையும் துறவியாக்காதுங்க."

நீதிபதி தலையாட்டினார்,
தன் பக்கம் சாட்சி விழுந்ததென்று.
எழுத்தன் அதை அப்படியே எழுதிக்கொண்டான்.
எந்தத் துறவியை, என்று
ஒருவரும் கேட்கவில்லை.

அங்கியைக் கழற்றிவிட்டுத்தான்
கியோவைத் தூக்கில் போட்டார்கள்.
அது வெளுப்புக்கு வந்தது.
சாம்பல்நீர் மூன்று முறை மாற்ற வேண்டியிருந்தது.
ஒடிலும் வசந்தத்தில் வந்துவிட்டார்,
அவருடையதில் கறையே இல்லை.

கொடியில் ஏழையும் போட்டாள்.
காற்றில்,
பாலத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு,
ஏழும் ஒன்றுபோல.