வலது மூலைக் கட்டம்

திரையின் வலது மூலையில்
ரொட்டித் துண்டு அளவுக்கு ஒரு கட்டம்.
அதற்குள் நான், கறுப்புச் சட்டையில்.
ஓக்னியன் ராச்செவ் பேசுவதைக்
காது கேளாதவர்களுக்குக் கையால் சொல்கிறேன்,
திங்கள் முதல் வியாழன் வரை, இரவு எட்டரைக்கு.

எட்டு முப்பத்தொன்பதுக்குச் சொன்னார்:
கருத்துக் கணிப்பெல்லாம் காசுக்குச் செய்வது.
கட்டைவிரலும் சுட்டுவிரலும் உரசிக்
காசு காட்டினேன்.
எட்டு நாற்பத்தாறுக்கு,
நேற்று வந்த கணிப்பைப் பாருங்கள்,
மக்கள் நம் பக்கம் என்றார்.
விரல்நுனியில் காசு இன்னும் ஒட்டியிருந்தது.

போன ஆட்சியில் ரொட்டி விலை ஏறினால் திருட்டு.
இந்த ஆட்சியில் ஏறினால் உலகச் சந்தை.
உலகத்துக்கு இரு கையாலும் பந்து வரைய வேண்டும்.
வரைந்து முடிப்பதற்குள்
அணைக்கட்டுக்குப் போய்விட்டார்:
வற்றினால் மேயரின் குற்றம்,
நிரம்பினால் வானத்தின் கருணை.

குரல் கொடுத்துவைத்தது.
சொன்ன இடத்திலேயே கரைந்துவிடும்.
கை அப்படியா?
"இல்லை"யில் நிற்கிற கை
"ஆம்"வரை நடந்துதான் வர வேண்டும்.
வரும் வழியை எல்லோரும் பார்க்கிறார்கள்.

அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்,
விளம்பரத்துக்குப் பின் ஐந்து.
எனக்குப் பத்து விரல்.
எதையும் காட்டலாம், சம்பளமும் அதற்குத்தான்.

பல்கேரியாவில்
ஆமென்றால் தலையை இடவலமாய் ஆட்டுவோம்,
இல்லையென்றால் மேல்நோக்கி அசைப்போம்.
வெளியூர்க்காரர்கள்தான் குழம்புவார்கள்,
நாங்கள் ஒருநாளும் இல்லை
என்று நினைத்திருந்தேன்.

ஞாயிறன்று தம்பி காணொளியில் வந்தான்,
ருசேயிலிருந்து.
டான்யூப் படகுத்துறையில் வெல்டர்,
பிறந்ததிலிருந்து காது கேளாது.
வியாழன் ஒன்று சொன்னாய்,
திங்கள் வேறு சொன்னாயே என்றான்.
நான் எங்கே சொன்னேன், ராச்செவ் சொன்னார்.
அந்த ஆள் வாயைத்தான் அசைக்கிறார், என்றான்.
எட்டு வருடமாய் என்னோடு பேசுவது நீ.

எனக்கு அரசியலே ஒட்டாது என்றேன்.
பிறகு கால் மணி நேரம்
மேயரைத் திட்டினேன்,
ராச்செவின் சொற்களிலேயே, அதே வரிசையில்.
கடைசியில் ஒரு கணிப்பையும் சாட்சிக்கு இழுத்தேன்.

தம்பி திரைக்கு நெருங்கி வந்து
கட்டைவிரலும் சுட்டுவிரலும் உரசினான்.
வெல்டிங் தீப்பொறி பட்ட கறுப்பு நகங்கள்.
போன மாதம் நான் வாங்கிய
நூற்றைம்பதைத் திருப்பித் தரச் சொல்கிறானா,
இல்லை
வேறெதுவும் சொல்கிறானா,
நான் கேட்கவில்லை.