அரைப் பேர்

டிக்கோயா ஆஸ்பத்திரியில்
நர்ஸ் நோனா மருந்துச் சீட்டின் முதுகில்
மூன்று இடங்களை எழுதித் தந்தாள்.
யாருக்கு என்று அவள் கேட்கவில்லை.
ஈரல் வீங்கியிருந்தது எனக்குத்தான்.

முதுகு வலிக்கென்று தொடங்கியது.
மாலையில் இடுப்பில் ஒரு மூடி கசிப்புத் தடவுவேன்.
தடவியது போக மிச்சத்தை
என்ன செய்வது?

கசிப்பு வாடை காட்டிக்கொடுக்கும் என்று
சாராயத்துக்கு மாறினேன்.
சாராயமும் வெறும் தேத்தண்ணியும் ஒரே நிறம்.
மலைக்குக் கொண்டுபோகும் போத்தலில்
எது இருக்கிறதென்று
எட்டு வருடம் யாருக்கும் தெரியாது,
மகன் கஜரூபனைத் தவிர.

முதல் இடம் நுவரெலியா.
நல்ல மனிதர்கள். வட்டமாக நாற்காலி,
தட்டில் கிரீம் பிஸ்கட்.
எல்லாம் சிங்களம்.
எனக்குச் சிங்களத்தில்
அரிசி வாங்கத் தெரியும்,
கண்டக்டரிடம் மிச்சக் காசு கேட்கத் தெரியும்,
பொலிஸுக்கு அடையாள அட்டையை நீட்டிவிட்டு
நிற்கத் தெரியும்.
என் முறை வந்தபோது
தலைவலி என்று சொல்லி உட்கார்ந்தேன்.
அதற்குத்தான் சொல் இருந்தது.

இரண்டாவது கொட்டகலை.
மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு மண்டபம்.
தமிழ்தான், பதினான்கு ஆம்பிளைகள்.
ஒருவர் எழுந்து பக்கத்தில்
இன்னொரு கதிரை இழுத்துப் போட்டார்.
"அவரு பின்னால வாறாராம்மா?"

எவரு?

"குடிக்கிறது நான்தாங்க" என்றேன்.
மண்டபத்தில் மழை மட்டும் பேசியது, தகரத்தில்.
கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டவர்
எங்கள் டிவிசன் கணக்கப்பிள்ளை.
அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.
திங்கட்கிழமை தராசடியில்
இரண்டு பேரும் கிலோவைத் தவிர
ஒன்றும் பேசவில்லை.
அவர் எழுதிய எண் மட்டும்
கொஞ்சம் கூடுதலாக இருந்தது.
அது இரக்கமா, வாய்ப்பூட்டா,
இன்னும் விளங்கவில்லை.

மறுபடி போகவில்லை.
அந்த மாதம் நிறையக் குடித்தேன்.

மூன்றாவது ஹட்டன்.
புடவைக் கடைக்கு மேலே, டைப்பிங் வகுப்பு நடந்த அறை.
சனிக்கிழமை இரண்டு மணி.
இரண்டு மணிக்கு அங்கே இருக்க வேண்டுமென்றால்
பகல் கொழுந்து நிறுத்ததும் கிளம்ப வேண்டும்.
துண்டில் அன்றைக்கு அரைப் பேர்தான் விழும்.
பஸ் காசும் போனால்
மிச்சம் ஒரு தேங்காய்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து அந்தப் படிக்கு
இருநூறு அடி இருக்கும்.
நடுவில் பச்சைப் பலகை போட்ட சாராயக் கடை.
முதல் சனி அதுவரைக்கும்தான் போனேன்.
இரண்டாம் சனி எதிர்ப்பக்கமாக,
செருப்புக் கடைக் கண்ணாடியையே பார்த்தபடி நடந்தேன்.

ஏழு பேர். அதில் மூன்று பெண்கள்.
ஒருத்தி டீச்சர், கைப்பையை மடியை விட்டு இறக்கவே இல்லை.
ஒருத்தி மஸ்கெலியா, கற்பகவல்லி;
அவள் குடித்துவிட்டு விழுந்த கானின் கதையைச் சொன்னபோது
நான் சிரித்துவிட்டேன்,
அவளும்தான்.
"சிரி, சிரி. நீ எந்தக் கான்ல விழுந்த?"

பேரைச் சொன்னால் போதும் என்றார்கள்.
தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் கூலி.
பதினெட்டுக் கிலோ வராவிட்டால்
பேரையே பாதியாக வெட்டுவார்கள்.
இங்கே கிலோ கேட்கவில்லை.
"சிவபாக்கியவதி" என்றேன்,
முழுசாக.
அன்றைக்கு வேறொன்றும் சொல்லவில்லை.

தேத்தண்ணி வந்தது.
குடிக்குமுன் முகர்ந்தேன், பழக்கத்தில்.
டீச்சரும் முகர்ந்தாள்.

இன்றோடு முப்பத்தோரு நாள்.
நடுவில் ஒரு தடவை வழுக்கினேன்,
அதைக் கழித்துத்தான் முப்பத்தொன்று.
விடிய நாலரைக்கு
போத்தலில் தேத்தண்ணி ஊற்றி மூடுகிறேன்.
கஜரூபன் பல் விளக்கிய கையோடு வந்து
மூடியைத் திறந்து முகர்கிறான்.
ஒன்றும் சொல்லாமல் மூடி வைக்கிறான்.

கோபம் வருகிறது.
பார்க்கட்டும்.
மூடியை நான் இறுக்குவதில்லை இப்போது.