இரண்டாவது பெயர்

கோயிம்ப்ராவில் அந்த ஏப்ரலில்
சாலைகள் காலியாகக் கிடந்தன.
விபத்துகள் குறைந்துவிட்டன என்றது வானொலி.
நல்ல செய்திதான்.
ஈரலுக்குக் காத்திருப்போர் பட்டியலை
மடியில் வைத்துக்கொண்டு கேட்ட எனக்கு
ஒரு நொடி முகம் சுண்டியது.
இதை யாரிடமும் சொன்னதில்லை.

பதினெட்டு நாள் தொலைபேசி அடிக்கவில்லை.
பத்தொன்பதாம் நாள் எவோராவிலிருந்து அடித்தது.
ஊரடங்கில் சும்மா இருக்கப் பிடிக்காமல்
கூரையில் ஓடு மாற்ற ஏறிய ஒருவர்.
வயது நாற்பத்தொன்று.
மூக்கில் இரண்டு முறை,
நுரையீரலின் அடியாழத்தில் ஒரு முறை
பார்த்துவிட்டார்கள். வைரஸ் இல்லை.
மனைவியை ஐ.சி.யு. கண்ணாடிவரைக்கும்தான் விட்டார்களாம்.

இரண்டு பேரை அழைத்தேன்.
முதல் பெயருக்குத் தொற்று இருந்தால்
இரண்டாவது பெயர். அப்படித்தான் விதி.
இரண்டாமவரிடம்
"வாருங்கள், ஆனால் நம்பிவிடாதீர்கள்"
என்று சொல்ல வேண்டும்.
எந்தக் குரலில் சொல்வதென்று
எங்களுக்கு யாரும் பயிற்சி தரவில்லை.

முதல் பெயர் தெயோலிந்தா.
கண்ணின் வெள்ளை எலுமிச்சைத் தோலாகி எட்டு மாதம்.
கணவன் தங்கள் ரொட்டி வேனில் அழைத்துவந்து
வாசலுக்கு வெளியே இறக்கினான்.
அதற்கு மேல் அவனுக்கு அனுமதி இல்லை.
தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு
பச்சை நாடா வழியே நடந்தாள்.
பச்சை, சுத்தம். சிவப்பு, மற்றது.
முழங்கால் தேய இரண்டு இரவு
அந்த நாடாக்களை ஒட்டியவள் நான்.
வைரஸுக்கு நிறம் தெரியுமா என்று
தரை துடைக்க வந்தவர் அப்போது கேட்டார்.

காய்ச்சல்? இல்லை.
இருமல்? இல்லை.
ருசி?
"காலையில் எங்கள் ரொட்டியைத் தின்றேன்.
உப்பு சரியாக இருந்தது."

குச்சி மூக்குக்குள் போய் வந்தது.
பிறகு இரண்டு கடிகாரங்கள்:
ஆய்வகத்தில் ஒன்று,
பனிக்கட்டிப் பெட்டிக்குள் ஒன்று.
ஆளில்லாத நெடுஞ்சாலையில் அந்த ஈரல்
எந்த ஈரலும் வந்திராத வேகத்தில் வந்துகொண்டிருந்தது.
இயந்திரம் தன் நான்கு மணி நேரத்தில்
ஒரு நிமிடமும் தள்ளுபடி தரவில்லை.

டாக்டர் கிராசா கை கழுவும் தொட்டியருகில் நின்றார்,
கழுவாமல்.
புதிய ஈரலை உடம்பு துரத்தாமலிருக்க
அதன் காவல் நாய்களுக்கு நாமே
மயக்க மருந்து வைக்கிறோம்,
ஊரெல்லாம் திருடன் திரியும் மாதத்தில்.
கதவு எத்தனை பூட்டினாலும்,
அவன் முன்பே வீட்டுக்குள் இருந்தால்?

அதிகாலை மூன்று பத்து.
ஆய்வகத்திலிருந்து எர்மீனியோ
"முதல் பெயர்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.
நிறுத்தியதிலேயே தெரிந்துவிட்டது.

பல்தசார் மூன்றாம் மாடியில்
நம்பாமல் தூங்கிக்கொண்டிருந்தார்.
தட்டியதும், அனுப்பப் போகிறீர்களா என்று
காலணியைத் தேடினார்.
காலில்தான் இருந்தது.

தெயோலிந்தாவிடம் போக
நான் இன்னொரு அங்கி, இன்னொரு கையுறை
மாட்ட வேண்டியிருந்தது.
என் முகத்தில் அவளுக்கு மிச்சம் கண்கள் மட்டும்.
கவசத்தில் என் மூச்சு படிந்து அவையும் மறைந்தன.
சொன்னேன். தொற்று நீங்கியதும்
பட்டியலில் உங்கள் இடம் உங்களுக்கே என்றேன்.
உடம்பு அதுவரை பொறுக்குமா என்று
அவள் கேட்கவில்லை.
"அது வீணாகிவிடுமா?" என்றாள்.
இல்லை, இன்னொருவர் இருக்கிறார்.
தலையசைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பினாள்.
அந்தத் தலையசைப்பைப் பெருந்தன்மை என்று
எழுத மாட்டேன்.
அது என்னவென்று எனக்குத் தெரியாது.

அறுவை அரங்கின் விளக்கு எரியத் தொடங்கியிருந்தது.
நான் வெளியே வந்தேன்.
பக்கத்து மதிலில் அவன் எங்களுக்கென்று வைத்த
ரொட்டிப் பையைப் புறாக்கள் பிரித்திருந்தன.
ஸ்டியரிங்கில் தலை சாய்த்திருந்தான்.
இனி அவனுக்கும் குச்சி,
அவன் ரொட்டி கொடுத்த தெருக்களுக்கும்.
வேனைத் தட்டினேன். விழித்தவன்
அவசரமாகக் கண்ணாடியை இறக்கப் போனான்.
திறக்க வேண்டாமென்று
கையை விரித்துக் காட்டினேன்.

அதையே பதிலாக எடுத்துக்கொண்டான்.