ஐந்தாம் அறையில் ஒரு வாக்கியம்

புதுக்கடையில் அன்று மின்விசிறிக்கும்
தவணை கொடுத்திருந்தார்கள்.
வழக்கு சின்னது.
வெள்ளவத்தையில், தண்டவாளத்தில் போய் முடிகிற ஒழுங்கையில்
ஓர் அறை, ஒரு மேசை,
பதினொரு மாத வாடகை.

புவிராணி அம்மா சாட்சிக் கூண்டில்
கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமல் சொன்னார்:
"போயிட்டு வாறன் எண்டுதான் சொன்னவர்.
அதாலதான் அறையை
வேற ஆருக்கும் குடுக்கேல்லை."

சிங்களத்தில் சொன்னேன். சிரமமில்லை,
அங்கேயும் போகிறவர்கள்
வருவதாகச் சொல்லித்தான் செருப்பைத் தேடுகிறார்கள்.
பிறகு ஆங்கிலத்தில்.
அந்தக் கரையேறியதும் வாக்கியம்
நனைந்த கோழிபோல் நின்றது:
போவேன். வருவேன்.

"ஆக, திரும்பி வருவதாக
வாக்குக் கொடுத்தாரா?"
சட்டத்தரணி கேட்டார்.
என்னையே கேட்டது போலிருந்தது.

இருபத்திரண்டு வருடமாய்
சொல்லுக்குச் சொல் வைத்துச் சம்பளம் வாங்குகிறவன்.
எனக்குத் தெரியும்,
"போறன்" என்று மட்டும் ஒருவன் சொல்லிவிட்டால்
எங்கள் குசினிகளில் கரண்டி கீழே விழும்.
அந்தச் சத்தத்துக்குப் பயந்துதான்
ஒரு "வாறன்" ஒட்டுகிறோம்.
வருகிறவனும் ஒட்டுகிறான்
கப்பலேறுகிறவனும் ஒட்டுகிறான்.
இதை எந்த மொழியில்
சத்தியம் செய்து சொல்வது?

பிரதிவாதி ஜெயசொரூபன் எழும்பினான்.
"எல்லாரும் சொல்லுறதுதானே, ஐயா."
அவ்வளவுதான் அவன் தரப்பு.
நான் படித்த இலக்கணம் எதிலும்
இவ்வளவு சுருக்கமாய் இல்லை.

அம்மா முதன்முறையாய் அவன் பக்கம் திரும்பினார்.
"ஓம் தம்பி, எல்லாரும் சொல்லுறதுதான்.
நீர் படியில நிண்டு
ரெண்டு தரம் சொன்னீர்."

அறை கொஞ்சம் அமைதியானது.
ஜெயசொரூபன் தன் கைகளைப் பார்த்தான்.
முதல் தரம், ஊர் சொல்லித் தந்தது.
இரண்டாம் தரம்?
அதே இரண்டு சொல், அதே வாய்,
ஓர் எழுத்துக் கூடவில்லை.
தட்டச்சு இயந்திரத்தின் மேல்
சுனேத்ராவின் விரல்கள் காத்திருந்தன.
"இரண்டு முறை கூறினார்" என்றேன்,
மூன்று மொழியிலும் ஒன்றுபோலவே கேட்டது,
மூன்றிலும் படி இல்லை.

நீதிபதி கடிகாரம் பார்த்தார்.
ஒக்டோபர் ஒன்பதுக்குத் தவணை.

வெளியே மழை பிடித்துவிட்டது.
பஸ்ஸுக்கு ஓடுமுன் சுனேத்ரா
குடையை விரித்துக்கொண்டே
"கிஹில்லா என்னங்" என்றாள்.

நின்று கேட்டேன்.
ஒரு தரம்தான்.