மைனஸ் மூன்றேகால்

பெட்டியைத் திறந்ததும்
புதுக் கார் கதவைத் திறந்த வாசனை.
பன்னிரண்டு பிரேம்கள், ஆமையோட்டு நிறம்.
கீலில் கடுகளவு பித்தளை வளையம்.
காதுக்குப் பின்னால் மறைகிற இடத்தில்
ஐ.எம். என்று இரண்டே எழுத்து.
விலை முப்பத்தெட்டாயிரம், வரி தனி.

இருதயமேரி என்பது நீளம் என்று
கம்பெனியை வாங்கியவர்கள் சுருக்கிவிட்டார்கள்.
இங்கிலீஷில் சேர்த்துச் சொன்னால்
'நான் இருக்கிறேன்' என்று வருமாம்.
கோட் போட்ட பையன் விளக்கினான்.
தலையாட்டி வைத்தேன்.

அவனுக்குத் தெரியாது,
இதே நாற்காலியில் அவள் உட்கார்ந்தது.
ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு
மூன்றாவது வரிசையிலேயே
'ட'வை 'ப' என்று படித்தாள்.
இரண்டு கண்ணுக்கும் மைனஸ் மூன்றேகால்.
சீட்டை வாங்கி நாலாக மடித்து
கத்தரிக்கோல் உறைக்குள் செருகினாள்.
"தெளிவாத் தெரிஞ்சா பயம் வந்துரும் சார்.
பத்தடி தள்ளி, மங்கலா இருந்தாலும்
சட்டை சண்டைக்கு வரணும்."
கண்ணாடி போடவே இல்லை, கடைசிவரை.

சிம்மக்கல் லாரி ஷெட்டில்
கிழிந்த தார்ப்பாயை எடை போட்டு வாங்கி
கல்யாணக் கோட்டு தைத்தவள்.
கயிறு கோக்கிற பித்தளைக் கண்களை
மார்புக்குக் குறுக்கே வரிசையாக அடித்தாள்.
"துணிக்கே இத்தனை கண்ணு இருக்கே,
பாக்குறவனுக்கு ரெண்டு பத்தாதா?"

தண்ணீர் இல்லாத வைகை, ஏ.வி. பாலத்துக்குக் கீழே,
நாலு லாரியின் ஹெட்லைட்டில்
பூமார்க்கெட்டில் மூட்டை இறக்குகிற பெண்களை
அந்தக் கோட்டுகளோடு நடக்கவிட்டாள்.
போலீஸ் வந்தது. வழக்கு வந்தது.
முதல் தகவல் அறிக்கையை அப்படியே
பருத்தியில் அச்சடித்துச் சட்டையாக்கி
கோர்ட்டுக்குப் போட்டுக்கொண்டு போனாள்.
நீதிபதி காலரிலிருந்து படிக்க ஆரம்பித்து
மூன்றாவது பொத்தானில் நிறுத்திக்கொண்டார்.
அபராதம் இருநூறு.

அப்புறம் பம்பாய். அப்புறம் மிலான்.
அப்புறம் திருமங்கலம் தாண்டி ஒரு விபத்து.
பார்வைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.
பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பெட்டியோடு ஒரு போஸ்டரும் வந்திருந்தது.
அந்த ராத்திரி எடுத்த போட்டோ.
கழுத்துக்கு மேலே வெட்டிவிட்டு
வேறொரு முகம், அதில் இந்தக் கண்ணாடி.
வெள்ளிக்கிழமை சாயங்காலம்
பாஸ்புக் படிக்கக் கண்ணாடி கேட்டு வந்த ஒச்சம்மா
அதற்கு முன்னால் நின்றுவிட்டாள்.
"இது என் காலு."

குனிந்து பார்த்தேன்.
போஸ்டரிலும், என் கடைத் தரையிலும்
இடது சுண்டுவிரலில் நகம் இல்லை.

"என்ன குடுத்தாங்க அன்னிக்கி?"
"பிரியாணி. அம்பது ரூவா.
அந்தக் கோட்டக் கேட்டேன்,
தரமாட்டேன்னுட்டா சண்டாளி."

கேட்காமலே
முப்பத்தெட்டாயிரத்தை எடுத்து மாட்டிக்கொண்டாள்.
"ஒண்ணுந் தெரியலையே."
"அது சும்மா கண்ணாடிம்மா. பவர் கிடையாது."
"சும்மா கண்ணாடிக்கா இம்புட்டுப் பெட்டி?"

பிளஸ் இரண்டரை, பிளாஸ்டிக், நூற்றைம்பது.
நூற்றிருபதுக்கு முடித்தாள்.
போட்டுக்கொண்டு, மூக்கு இடிக்கிற தூரத்துக்குப் போய்
போஸ்டரில் தையலைத் தேடினாள், விரலால்.
பிறகு சிரித்தாள்,
பஸ்ஸில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற சிரிப்பு.
"கோணலால்ல தச்சிருக்கா!
சிறுக்கிக்குக் கண்ணு தெரியலன்னு
அப்பவே சொன்னேன், எவன் கேட்டான்."

படியிறங்கிப் போனாள்.
நேதாஜி ரோட்டில் நடுவாகவே நடந்தாள்,
ஆட்டோக்கள்தான் ஒதுங்கின.

ஆமையோட்டுப் பிரேமின் கண்ணாடியில்
அவள் பெருவிரல் ரேகை.
துடைக்கத் துணி எடுத்தேன்.
மணி ஒன்பதாகியிருந்தது.
ஷட்டரை இறக்கினேன்.