முப்பத்தொன்றாம் குழாய்

கோடியக்கரைப் புல்வெளியில்
விடியுமுன் குனிந்தே நடக்கிறேன்.
இரலைக் கிடா ஒன்று
தினமும் ஒரே இடத்தில் போட்டுவைத்த புழுக்கைமேடு
இன்னும் ஆவி விடுகிறது.
இடுக்கி. குழாய். நீல மூடி.
படகுத்துறையில் கடன் வாங்கிய ஐஸ் பெட்டி,
எத்தனை கழுவியும் மத்தி வாசம்.

வேட்டைத் தடுப்புக் காவலர் வேதையன் கேட்டார்:
"இதுக்குள்ள என்னம்மா இருக்கு?"
ஒரு ஊரே இருக்கு, என்றேன்.
மானுக்குத் தனியாகப் புல் செரிக்காது.
நான்கு அறை வயிற்றில்
காற்றே ஆகாத கோடி உயிர்கள்
ஊறவைத்து, நொதிக்கவைத்து,
தாம் தின்றது போக மிச்சத்தை விடும்.
அந்த மிச்சத்தில்தான் மான் ஓடுகிறது.

"அப்ப மானு கடைமடைன்னு சொல்லுங்க."

மேட்டூர் திறந்து நாற்பது நாளாகியும்
அவர் வாய்க்காலில் ஈரமில்லை.

புயல் சாய்த்த இடமெல்லாம்
சீமைக்கருவை ஏறிவிட்டது.
காய் இனிப்பு. குதிரைகளும் தின்கின்றன, மான்களும்.
அந்த வயிறுகளில்
யார் காலிசெய்தார்கள், யார் குடிவந்தார்கள்:
அவ்வளவுதான் என் ஆய்வு.

புரட்டாசியில் நாய்கள் தாயைக் கொன்றன.
குட்டி வனத்துறைக் கொட்டகையில்
பசும்பால் குடித்துத்
தண்ணீராய்க் கழிந்தது.
மூன்றாம் நாள் தலை தூக்கவில்லை.
நக்கிக்கொடுக்க நாக்கில்லாத வயிற்றில்
யார் போய்க் குடியேறுவது?

வேதையன் என் பையைப் பார்த்தார்.
கேட்கவில்லை.
நானே எடுத்தேன்,
ஐஸில் இன்னும் வைக்காதது:
பெட்டை, பால் கொடுப்பது, காலை ஐந்து ஐம்பது,
எண் முப்பத்தொன்று.

வெந்நீரை ஆற்றிக் கரைத்தார்.
துண்டின் முனையில் வடித்தார்.
ஊசியில்லாத சிரிஞ்சில்
கடைவாய் ஓரமாய்ச்
சொட்டு சொட்டாய்ப் பச்சைச் சாறு.
குட்டி முகம் சுளித்தது.
என் அனுமதிக் கடிதத்தில்
இதற்கு ஒரு வரியும் கிடையாது.

ஆறாம் நாள்
வாழையிலைத் துண்டில் மடித்துக் கொண்டுவந்தார்.
கறுப்பாய், கெட்டியாய்,
மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாய்
ஏழு புழுக்கை.

"ஒங்க கணக்குல ஒண்ணு கொறையுதுல்ல."

கொட்டகைத் தூணில்
கொம்பில்லாத நெற்றி
முட்டும் சத்தம் கேட்டது.

படிவத்தை எடுத்தேன்.
இடம், நேரம், வயது எழுதினேன்.
யாருடையது என்ற கட்டத்தில்
பேனா நின்றுகொண்டது.